சீமாட்டி ஏறிய வண்டி

“குதிரையை ஏத்துங்க சார். இப்பவே, என் கண்ணு முன்னால லாரியில ஏத்தி, அப்படியே இறக்கியும் காட்டுங்க.”

இந்த மாதிரி ஒரு வாக்கியம் மட்டும் என் வாயிலிருந்து வரவே கூடாது என்று எங்கள் துப்பறியும் நிறுவனத்து மேனேஜர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “வாடிக்கையாளர் சொல்றதைக் கேளு. எழுதிக்கோ. டீ கொடுத்தா குடி. ‘செஞ்சு காட்டுங்க’ன்னு மட்டும் கேட்டுடாதே. அது அவங்களைப் பொய்யன்னு சொல்ற மாதிரி.”

பொய் சொல்கிறவனை வேறு எந்த மாதிரி சொல்வதாம்?

பண்ணை முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். பளபளக்கும் முழங்கால் பூட்ஸ், கையில் ஒரு சின்னச் சவுக்கு. குதிரையில் ஏறி வருடக்கணக்காகிறது என்று அவர் வயிறு சொன்னது. சவுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனிதர்களுக்கு என்று சொல்லியிருப்பார்.

“உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னு உங்க மேனேஜர் சொல்லலையா?”

“சொன்னார் சார். உங்க டிரைவர்தான் லாரியால அந்தத் தையல்காரரை இடிச்சுட்டு நிக்காமப் போனார்னு ஒரு ரிப்போர்ட் எழுதச் சொன்னார்.”

“அப்ப எழுது.”

“எழுதறதுக்குத்தான் சார் வந்தேன். ஏத்துங்க.”

என் பின்னால் ஒட்டடை அண்ணன் மெல்ல இருமினார். என் உதவியாளர். ஒட்டடைக் குச்சிக்கு சட்டை மாட்டிய மாதிரி உடம்பு, அதனால் அந்தப் பெயர். என்னைவிட வயதில் மூத்தவர், வாய் மட்டும் வளரும் பருவத்திலேயே நின்றுவிட்டது. “மேடம், வேலை போச்சுன்னா சொல்லுங்க, எனக்கும் சேர்த்து ஒரு வேலை பாத்துக்கலாம்,” என்றார் என் காதருகில்.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு விடியற்காலை, பண்ணைக்கு வெளியே சாலை வளைகிற இடத்தில், சைக்கிளில் போன ஒரு தையல்காரரை ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அவர் இன்னும் கண் விழிக்கவில்லை. பக்கத்து வயலில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி குதிரை கனைப்பதைக் கேட்டிருக்கிறாள். வரப்பேறிப் பார்ப்பதற்குள் வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றிருக்கிறது. பிறகு கிளம்பிப் போய்விட்டது. இருட்டில் வண்டி சரியாகத் தெரியவில்லை. பின்னால் குதிரை வால் ஆடியது மட்டும் தெரிந்தது என்று சொன்னாள்.

அந்தப் பக்கம் குதிரை வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான். இவரிடம் குதிரை ஏற்றும் லாரி ஒன்று இருக்கிறது, அதை ஓட்ட ஒரு டிரைவர் இருக்கிறார். போலீஸ் ரொம்பச் சிரமப்படவில்லை. டிரைவரைக் கொண்டு போய் உட்கார வைத்துவிட்டது. நான் ஸ்டேஷனில் அவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல உடம்பு, நரைத்த மீசை. சுவரைப் பார்த்தபடி பேசினார்.

“லாரின்னே எழுதிக்கங்கம்மா,” என்றார்.

“நீங்கதான் ஓட்டினீங்களா?”

“அதான் எழுதிக்கங்கன்னு சொல்லிட்டேனே.”

ஓட்டினேன் என்று அவர் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. தையல்காரர் இறந்துபோனால் இவர் வெளியே வருகிற நாள் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அது தெரிந்தும் ஒரு மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் வாயை யாரோ மூடி வைத்திருக்க வேண்டும்.

பண்ணையில் இன்னொரு வண்டியும் உண்டு. புத்தம் புதிய டிரெய்லர், ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுப்பது. லாயத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில், இரண்டு தூண்களுக்கு நடுவே, பின்புறம் உள்ளேயும் மூக்கு வெளியேயுமாக, ஜீப்போடு மாட்டியபடி நின்றது. இருபுறமும் ஒரு கை நுழையும் இடம்தான்.

“அதை வாங்கறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவே பண்ணலை,” என்று வந்ததுமே முதலாளி சொல்லிவிட்டார். “டீலர் பார்க்கச் சொல்லி விட்டுட்டுப் போய் மாசக்கணக்காச்சு. ஒரு குதிரையும் அதில கால் வெச்சதில்ல. நானும் தொட்டதில்ல.”

“முடிவு பண்றதுல என்ன சார் கஷ்டம்?” என்று ஒட்டடை கேட்டார்.

“லாரின்னா பெரிசு, ஒரே நேரத்தில நிறைய குதிரை போகும். ஆனா அதுக்குன்னு ஒரு டிரைவர் வேணும், அவனுக்கு ஒரு வீடு வேணும், அவன் பொண்டாட்டிக்கு ஜுரம், அவன் பொண்ணுக்குப் படிப்பு. டிரெய்லர்னா ஜீப்பில மாட்டினோமா, போனோமான்னு இருக்கும். எவன் தயவும் வேண்டாம்.”

“டிரைவர் என்ன சொன்னார்?”

“அவன் லாரிதான் நல்லதுன்னான். வேற என்ன சொல்வான்? அவன் சோறு அதில இருக்கு.”

ஒரு மனிதனின் வீட்டையும், மனைவியின் ஜுரத்தையும், மகளின் படிப்பையும் வண்டியின் குறைகளாக எண்ணிச் சொல்கிற மனிதரை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நிறையப் பார்த்திருக்கிறேன்.

“ஏத்த முடியாது,” என்றார் இப்போது. “சீமாட்டிக்கு உடம்பு சரியில்லை.”

சீமாட்டி என்பது அந்தக் குதிரையின் பெயர். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. விபத்து நடந்த அன்று பயணம் போனது இவள்தான் என்பதில் யாருக்கும் சண்டையில்லை, அவளை வைத்தியரிடம் காட்டப் போனதாக முதலாளியே போலீசில் சொல்லியிருக்கிறார். எந்த வண்டியில் போனாள், யார் ஓட்டினார் என்பதுதான் கேள்வி.

“ஏத்துங்களேன் மாமா, இதில என்ன இருக்கு?” என்று ஒரு குரல் வந்தது.

மாப்பிள்ளை. முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். வாசனைத் தைலமும் கறுப்புக் கண்ணாடியுமாக லாயத்து வாசலில் சாய்ந்து நின்று, காலணியில் சாணம் படாமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றார் முதலாளி. மரியாதையான சொற்களை வைத்து ஒருவனைச் செருப்பால் அடிக்கலாம் என்று அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

“இல்ல மாமா, நாம ஏத்தலைன்னா ஏதோ மறைக்கிறோம்னு நெனைப்பாங்க. அந்தப் பொண்ணு அதான் எழுதும். இல்லம்மா?”

“அதேதான் எழுதுவேன் சார்,” என்றேன்.

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் ஒரு முழுக் கல்யாணத்தையும் ரத்து செய்துவிடலாம். பிறகு சவுக்கால் பூட்ஸில் ஒரு தட்டுத் தட்டி, “ஏத்துடா,” என்றார் லாயக்காரரிடம்.

லாயக்காரர் என்பவர் குதிரைகளுக்குத் தீனி வைத்து, தேய்த்து, கொட்டிலைக் கழுவுகிறவர். நான் வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றார். தெரியாது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்வதற்கு நிறையத் தெரிந்திருக்க வேண்டும்.

லாரியின் பின்கதவைச் சாய்த்து இறக்கினார்கள். அதுவே ஏறும் பலகை. உள்ளே குதிரைகளைக் குறுக்காக நிறுத்துகிற அமைப்பு. தலை வலப்பக்கம், பின்புறம் இடப்பக்கம், நடுநடுவே தடுப்பு. சீமாட்டி பலகையின் அடியில் வந்து ஒரு கணம் யோசித்தாள், மூச்சை விட்டாள், டக் டக்கென்று ஏறிப் போனாள். லாயக்காரர் அவளைத் திருப்பிக் குறுக்காக நிறுத்தி, தலைக்கயிற்றைக் கட்டினார்.

“பாத்தியா?” என்றார் முதலாளி. “வருஷக்கணக்கா லாரியில போற குதிரை. கண்ணை மூடிட்டு ஏறும்.”

“நல்லா ஏறினா சார். இப்ப இறக்குங்க.”

“இறக்கறதில என்ன இருக்கு?”

“இருக்கறது எல்லாம் அதிலதான் சார் இருக்கு.”

லாயக்காரர் கயிற்றை அவிழ்த்து, அவள் தலையைக் கதவுப் பக்கம் திருப்ப இழுத்தார். சீமாட்டி திரும்பவில்லை. கயிறு அவிழ்ந்த அடுத்த நொடியே பின்னால் நகர ஆரம்பித்தாள். ஒரு பின்னங்காலைத் தூக்கிக் கீழே எதையோ தேடினாள். இருட்டில் படிக்கட்டைக் காலால் துழாவுவது போல. படி அங்கே இல்லை. பின்புறம் போய் லாரியின் பக்கப் பலகையில் ‘தொம்’மென்று இடித்தது. திகைத்து முன்னே வந்தாள். மறுபடி பின்னால் போனாள். மறுபடி ‘தொம்’.

“இவ எங்கே மேடம் போறா?” என்றார் ஒட்டடை. “இறங்கற ஸ்டாப்பு வந்துடுச்சு, படி எந்தப் பக்கம்னு மறந்துட்டாளா?”

“மறக்கலண்ணே. அவளுக்கு ஞாபகம் இருக்கறது வேற வண்டியோட படி.”

லாயக்காரர் வியர்த்துப் போய், அவள் கழுத்தைக் கட்டிப் பிடித்து, பேசி, கெஞ்சி, தலையைத் திருப்பிக் கீழே கூட்டி வந்தார். இறங்கியவள் லாரியைத் திரும்பிப் பார்த்து ஒரு முறை செருமினாள். அந்த இடத்தில் அறிவோடு நடந்துகொண்ட முதல் ஆள் அவள்தான்.

நான் முதலாளியிடம் போனேன். “லாரியில குதிரை குறுக்கா நிக்கும். இறங்கணும்னா தலையைத் திருப்பி, முன்பக்கமா நடந்து இறங்கணும். டிரெய்லர் ஒடுக்கம். அதில குதிரை நேரா ஏறி, ஜீப்பைப் பாத்து நிக்கும். திரும்ப இடம் கிடையாது. இறங்கணும்னா பின்பக்கமாவே காலால தேடித் தேடித்தான் இறங்கணும். நேத்து மத்தியானம் பூரா வேற ஊர் லாயத்து வேலி ஓரமா நின்னு, ஏறற இறங்கற குதிரை அத்தனையையும் பாத்தேன்.”

“வேடிக்கை பாக்கறதுக்கெல்லாம் உங்க ஆபீஸ்ல சம்பளமா?”

“அதுக்குத்தான் சார் சம்பளமே. வருஷக்கணக்கா லாரியில போன குதிரை ஏன் பின்பக்கமா இறங்கப் பாக்குது? ஒரு தடவை ரெண்டு தடவை போனா இந்தப் பழக்கம் வராது. மாசக்கணக்கா அந்த டிரெய்லர்ல போய் வந்திருக்கா. நீங்க ஒரு குதிரையும் கால் வெச்சதில்லன்னு சொன்ன அதே டிரெய்லர்ல.”

பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்த சவுக்கு நுனி நின்றுவிட்டது.

“அப்புறம் அந்த வால்,” என்றேன். “புல் அறுத்தவங்க பின்னால வால் ஆடறதைப் பாத்திருக்காங்க. உங்க லாரிக்குப் பின்னால நின்னு பாருங்க, கதவுதான் தெரியும். வால் இடப்பக்கப் பலகையில ஒட்டிட்டு இருக்கும். டிரெய்லருக்குப் பின்னால மேல்பாதி திறப்பு. அங்கே நின்னா வாலைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. ஜீப் அந்த வளைவைத் தாண்டியிருக்கு. அதைவிட அகலமான டிரெய்லர் உள்பக்கமா வெட்டிட்டு வந்திருக்கு. சைக்கிள் அங்கேதான் மாட்டியிருக்கு.”

“அதனாலதான் ஜீப்பில ஒரு கீறல்கூட இல்ல,” என்றார் ஒட்டடை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீமாட்டியைப் படம் எடுப்பதாகப் பாவனை செய்தார். “கொஞ்சம் சிரிம்மா.”

முதலாளி மெதுவாகத் திரும்பினார். நான் எதிர்பார்த்தது கோபம். வந்தது அதைவிடக் கேவலமான ஒன்று. முகத்தில் ஒரு வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் பக்கம் பார்த்தார்.

“ஜீப் சாவி யார்கிட்ட இருக்கும் மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “என்கிட்டதான் மாமா. உங்ககிட்டயும் ஒண்ணு…”

“நான் அந்த வண்டியைத் தொட்டதே இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்.” என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. “பாரும்மா, குடும்ப விஷயம். சின்ன வயசு, ஆசையில எடுத்துட்டுப் போயிருப்பார். என் பொண்ணு முகத்தைப் பாத்து…”

‘நீ’ போய் ‘அம்மா’ வந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் சொந்த மகளின் புருஷனைத் தூக்கித் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார், கை கழுவக்கூடத் தண்ணீர் கேட்கவில்லை.

“மாமா, என்ன மாமா சொல்றீங்க?” மாப்பிள்ளையின் குரல் கீச்சிட்டது. “நான் விடியற்காலையில எந்திரிச்சதை யாராவது பாத்திருக்கீங்களா? அதுவும் இல்லாம எனக்கு அதைப் பின்னால எடுக்கவே வராது.”

ஒட்டடை என்னைப் பார்த்தார். நான் ஒட்டடையைப் பார்த்தேன். கொட்டகையில் டிரெய்லர் தூண்களுக்கு நடுவே பின்பக்கமாகச் செருகி நின்றது, பெட்டிக்குள் வைத்த மூக்குக்கண்ணாடி மாதிரி. யார் அதை ஓட்டிக்கொண்டு போனாரோ, அவர்தான் அதைத் திரும்பக் கொண்டு வந்து அப்படி நிறுத்தியிருக்க வேண்டும்.

“ஓட்டிக் காட்டுங்க சார்,” என்றேன் மாப்பிள்ளையிடம். “வெளிய எடுத்து, திரும்ப அதே இடத்தில விடுங்க.”

இரண்டாவது முறையாகச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்னால் என்ன, இரண்டு தடவை சொன்னால் என்ன, வேலை ஒரு தடவைதான் போகும்.

வெளியே எடுத்தது அழகாக இருந்தது. முன்னால் போகக் குழந்தைக்கும் தெரியும். பின்னால் வரும்போதுதான் கூத்து. டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். மாப்பிள்ளை வலப்பக்கம் போக ஆசைப்பட்டு வலப்பக்கம் திருப்பினார். டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. பதறி இன்னும் திருப்பினார். ஜீப்பும் டிரெய்லரும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கின. முன்னால் போய் நேர்செய்து மறுபடி வந்தார். இந்த முறை தூணுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

“அய்யய்யோ, தூணு,” என்று லாயக்காரர் முனகினார். அன்று முழுக்க அவர் சொன்ன ஒரே உண்மையான வார்த்தை.

“கீழ பிடிங்க மாப்பிள்ளை,” என்றார் முதலாளி பல்லைக் கடித்தபடி.

“எதை மாமா?”

“ஸ்டியரிங்கைக் கீழ பிடிங்க. கீழ.”

“கீழன்னா எங்க மாமா?”

ஒட்டடையின் காலை நான் லேசாக மிதித்தேன். அது போதும் அந்த மனிதருக்கு.

“விடுங்க சார், பாவம்,” என்றார் ஒட்டடை, ஊருக்கே கேட்கிற குரலில். “இந்தப் பண்ணையில இதைப் பின்னால எடுக்கற ஆம்பளை ஒருத்தர்கூடக் கிடையாதுன்னு மேடம் எழுதிக்கட்டும். பெரியவருக்கும் வயசாயிடுச்சு. லாரியோடவே இருங்க சார், அதுக்கு ஒரு டிரைவரையும் போட்டுக்கங்க. டிரெய்லர்லாம் தெரிஞ்சவங்க வெச்சுக்கற வண்டி.”

ஜீப் மறுபடி உறுமியது. டிரெய்லரின் மூலை தூணை உரசி ‘க்ரீச்’சென்றது. புதிய பெயிண்டில் ஒரு நீளக் கோடு விழுந்தது.

அந்தக் கோடு முதலாளியின் நெஞ்சில் விழுந்திருக்க வேண்டும். நாலே எட்டில் போனார். ஜீப் கதவைத் திறந்தார். “இறங்குய்யா,” என்றார். மாப்பிள்ளை இறங்கவில்லை, இறக்கப்பட்டார். முதலாளி உட்கார்ந்து, சவுக்கைப் பக்கத்து சீட்டில் போட்டு, ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் ஒரே ஒரு கையை வைத்தார். வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்தார். அந்தக் கையை டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். அப்புறம் இன்னும் கொஞ்சம். டிரெய்லர் வெண்ணெயில் கத்தி போல இரண்டு தூண்களுக்கும் நடுவே நழுவி உள்ளே போய் நின்றது. எந்தப் பக்கமும் ஒரு கை இடம்தான் இருந்தது.

இறங்கி வந்தார். கைகளைத் தட்டிக்கொண்டார். “இவ்வளவுதான். இதுக்கு டிரைவர் ஒரு கேடா?”

லாயக்காரர் தரையில் எதையோ தேடினார். சீமாட்டி வாலை ஆட்டினாள்.

கடைசியில் பேசியது மாப்பிள்ளைதான். அவருக்கு எதுவும் தாமதமாகத்தான் புரியும், ஆனால் புரிந்தால் வாயில் வந்துவிடும்.

“மாமா. அந்த வண்டியைத் தொட்டதே இல்லன்னீங்க.”

முதலாளியின் கைகள் தட்டிக்கொண்டபடியே காற்றில் நின்றன.

அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு கவனமாகக் கட்டி, கழுவித் துடைத்து வைத்திருந்தார். போலீஸ் வந்து போயிருக்கிறது, வக்கீல் வந்து போயிருக்கிறார். ஒருத்தரும் அதில் விரல் வைக்க முடியவில்லை. தன் மாப்பிள்ளை தன்னைவிட மட்டமாக வண்டி ஓட்டுவதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“உள்ள வா, பேசணும்,” என்றார் என்னிடம்.

அவருடைய அலுவலக அறையில் சுவர் முழுக்கக் குதிரைப் படங்கள், கண்ணாடி போட்டு, மாலை போட்டு. மனிதப் படம் ஒன்றுகூட இல்லை. மேஜையில் லாரி, டிரெய்லர் விளம்பரத் தாள்கள் பரப்பியிருந்தன. என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

“இடிச்சதே எனக்குத் தெரியாது,” என்றார். “ஜீப் தாண்டிடுச்சு. சின்னதா ஒரு ஆட்டம். குதிரை காலை உதைச்சிருக்கும்னு நெனச்சேன்.”

“கொஞ்ச தூரத்தில நின்னீங்களே சார்.”

அவர் சுவரில் இருந்த ஒரு குதிரைப் படத்தைப் பார்த்தார்.

“குதிரையைப் பாக்கத்தான் நின்னேன்.”

“இறங்கிப் பின்னால வந்து குதிரையைப் பாத்தீங்க. அப்ப ரோட்டையும் பாத்திருப்பீங்க.”

தையல்காரர் சாலையில் கிடந்ததைவிட, சீமாட்டிக்கு நெஞ்சில் அடிபட்டிருக்குமோ என்பதுதான் அன்றைக்கு இவருக்குக் கவலை. இதை என்னால் அவர் முகத்திலேயே படிக்க முடிந்தது, அவருக்கு அதில் வெட்கமும் இல்லை.

“சரி, கேளு,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அந்த டிரைவர் ஏன் வாயைத் தொறக்கலைன்னு யோசிச்சியா? அவனுக்கு ஒரு பொண்ணு. ரொம்ப நல்லா படிக்குது. அவங்க பரம்பரையில காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆள். அந்தப் படிப்பு முடியற வரைக்கும் நான் பாத்துக்கறேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவனாத்தான் கேட்டான். நான் கட்டாயப்படுத்தலை. நீ டிரெய்லர்னு எழுதினா, அவன் வெளிய வருவான். ஆனா வந்து என்ன செய்வான்? வீடு கிடையாது, வேலை கிடையாது, பொண்ணு படிப்பு அந்தரத்தில நிக்கும்.” என் முகத்தை உற்றுப் பார்த்தார். “உங்க வீட்ல நீதான மொதப் பட்டதாரி? உங்க மேனேஜர் சொன்னார். உனக்கே தெரியும், அந்தப் படிப்பு என்ன விலைன்னு. லாரின்னு எழுதிடு. நல்ல வக்கீலா வெச்சு அவனைச் சீக்கிரம் வெளிய எடுக்கறேன். எல்லாருக்கும் நல்லது.”

எல்லாருக்கும். அந்த ‘எல்லாரிலும்’ ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும் தையல்காரர் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

விலை எனக்குத் தெரியும். என் அப்பா எதை எதை விற்றார், யார் யார் வாசலில் நின்றார், எவன் எவன் பேச்சைச் சிரித்துக்கொண்டே கேட்டார் என்பதெல்லாம் எனக்குப் பட்டம் கிடைத்து வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கு எனக்கு நன்றி வரவில்லை. என்னைக் கேட்காமல் எப்படிச் செய்தாய் என்றுதான் வந்தது. அன்று ஆரம்பித்த கோபம்தான், இன்னும் இறங்கவில்லை.

“பேச மாட்டேங்கறியே,” என்றார். பிறகு ஏதோ உறைத்தது போல அறையைச் சுற்றிப் பார்த்தார். “உன் கூட வந்தவன் எங்க?”

“ஸ்டேஷனுக்குப் போயிட்டார் சார்.”

“எதுக்கு?”

“நீங்க வண்டியை உள்ள விட்டு, கையைத் தட்டிக்கிட்டீங்களே, ‘இதுக்கு டிரைவர் ஒரு கேடா’ன்னு. அதை அவர் போன்ல பிடிச்சிருக்கார். சீமாட்டி பின்னால இறங்கப் பாத்ததையும்தான். உங்க மாப்பிள்ளைதான் ஜீப்பில கொண்டு போய் விடறேன்னு கிளம்பினார். டிரெய்லரைக் கழட்டிட்டு.”

அவர் எழுந்த வேகத்தில் விளம்பரத் தாள்கள் தரையில் சரிந்தன. ஜன்னல் பக்கம் போனார். கொட்டகையில் டிரெய்லர் மட்டும் மூக்கைத் தரையில் ஊன்றி நின்றது.

“அப்ப இவ்வளவு நேரம் எதுக்குடி இங்க உக்காந்திருந்தே?”

“டிரைவர் பொண்ணு கேக்கச் சொன்னா சார். காலையில அவளைத்தான் முதல்ல போய்ப் பாத்தேன். அப்பா ஏன் பேசாம இருக்கார்னு அவகிட்ட யாருமே சொல்லலை. ‘என்ன பேரம்னு அவர் வாயாலேயே கேட்டுட்டு வாங்கக்கா’ன்னா. படிப்பு நின்னுடும்னா என்ன செய்வேன்னு கேட்டேன். நின்னா திரும்ப ஆரம்பிச்சுக்கறேன்னா. ‘அப்பா வந்து என்னைத் திட்டுவார், திட்டட்டும், வீட்ல உக்காந்து திட்டட்டும்’னா.”

மேஜையில் என் போன் அதிர்ந்தது. மேனேஜர். அதற்குள் செய்தி போய்விட்டது. முதலாளி அந்தப் பெயரைப் பார்த்தார், முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

“எடு. எடுத்துப் பேசு. உன் வேலை இருக்கா இல்லையான்னு அவர் சொல்வார்.”

நான் போனை எடுத்து, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே பையில் போட்டேன். எழுந்தேன்.

“இதுக்குத்தான் உங்களையெல்லாம் படிக்க வைக்கக் கூடாதுங்கறது,” என்றார் என் முதுகைப் பார்த்து.

“நீங்க வைக்கலை சார்,” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல் வெளியே நடந்தேன்.